மருமவனுக்குக் காவக்காரன் சொல்ற புத்தி

மாப்ளே, நீ படம் எடுத்த சேதி குளுவாங் டவுன் முழுக்கப் பரவிடுச்சு. கோப்பிக்கடையில போய் உக்காந்தா, "என்ன பெருசு, உங்க மருமவன் யாரை ஹீரோவாப் போட்டிருக்கான்?"னு கேக்குறானுங்க. ரப்பர் மரத்தைப் போட்டிருக்கான்னேன். "வில்லன்?" அதே மரந்தான்னேன். "பாட்டு?" கொசு பாடுதுன்னேன். ஒருத்தன் ரொட்டி சானாயைப் பிச்சுக்கிட்டே, "அப்ப எந்தத் தியேட்டர்ல போடுவாங்க?"ன்னான். எந்தத் தியேட்டர்லயும் போட மாட்டாங்கடா, அதுதான் அந்தப் படத்தோட தகுதியேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நானும் பார்த்தேன். முக்கால் மணி நேரம், ஒரே மரம். வெட்டுன கோட்டுல பால் இறங்குது, மங்குல சொட்டுது, மங்கு நிறையுது, படம் முடிஞ்சிடுது. உங்கம்மா பார்த்துட்டு, "மங்கு நிறைஞ்சுபோச்சே, பாலை யாரு எடுக்குறது?"ன்னு கேட்டாளாம். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியாம். அட கிறுக்குப் பயலே, உன் படத்துக்குக் கிடைச்ச முதல் விமர்சனம் அது. பெர்லின்ல தாடி வச்சவன் ஒருத்தன்கூட அவ்வளவு நறுக்குன்னு கேக்க மாட்டான்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. நான் வெட்டுன மரத்துல ஒன்னுகூட முக்கால் மணி நேரத்துல மங்கு நிறைச்சதில்லை. முதல்ல ஓடும், அப்புறம் சொட்டும், ரெண்டு மூனு மணி நேரம் இழுக்கும். நடுவுல மழை வந்தா அன்னைக்குக் கூலியே போச்சு. நீ எங்கேயோ வெட்டி ஒட்டியிருக்க. கதைப் படத்துல பொய் சொன்னா மன்னிச்சிடலாம், கதை இல்லாத படத்துல பொய் சொன்னா மிச்சம் என்னடா இருக்கு?

நியூயார்க்ல ஆண்டி வார்ஹால்னு ஒரு ஆளு 1964ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு எதிர்ல கேமராவை நட்டு வச்சு ராத்திரியில மணிக்கணக்கா ஓட விட்டாரு. கட்டடம் எங்கேயும் போகல, கேமராவும் எங்கேயும் போகல. எடுத்த வேகத்தைவிடக் குறைஞ்ச வேகத்துல ஓட்டச் சொல்லி, 8 மணி நேரம் 5 நிமிஷத்துக்கு இழுத்துட்டாரு. அவரு இருந்த நேரத்தை இன்னும் நீட்டுனாரு. நீ மூனு மணி நேரத்து வேலையைச் சுருக்கி, "பொறுமையைப் பத்தின படம்"னு அட்டையில எழுதியிருக்க. பொறுமை யாருக்கு மாப்ளே, மரத்துக்கா?

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் மாமான்னு கேப்ப. தோட்டத்தைச் செம்பனைக்கு மாத்துனப்ப லயத்தைக் காலி பண்ணிட்டு வந்தவங்கள்ல நான் ஒருத்தன். உளி பிடிச்ச கைக்கு வேற வேலை தெரியாது. பாலம் தாண்டி சிங்கப்பூருக்குக் காவல் வேலைக்குப் போனேன். எந்தக் கட்டடம்னு சொல்ல மாட்டேன், பென்ஷன் இல்லைன்னாலும் விசுவாசம் இருக்கு. ஓவியம், சிலையெல்லாம் வைக்கிற பெரிய இடம். அதுல ஒரு இருட்டு ரூம். சுவர்ல படம் ஓடும், முடியும், மறுபடி முதல்ல இருந்து ஓடும். அந்த வாசல்ல ஸ்டூல் போட்டு என்னை உக்கார வச்சாங்க.

உன் எதிர்கால ரசிகர்களை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன், கேட்டுக்கோ. வருவாங்க. சுவர்ல இருக்குற அட்டையை நிதானமாப் படிப்பாங்க. உள்ள எட்டிப் பார்ப்பாங்க. கண்ணு இருட்டுக்குப் பழகுறதுக்குள்ள கிளம்பிடுவாங்க. சில பேரு முழுசா உக்காருவாங்க, கால் வலி. ஏசியும் நல்லா இருக்கும். காதல் ஜோடி வந்தா படம் ரொம்பப் பிடிச்சிடும், ஆனா கண்ணு திரையில இருக்காது. படம் பாதியில ஓடுறப்ப வந்து, முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்கிறப்ப, "ஓ, இது ஏற்கெனவே பார்த்ததுல்ல"ன்னு எந்திரிச்சுப் போவாங்க. எது முதல், எது கடைசின்னு தெரியாமலே போனவங்கதான் அதிகம். முதல்ல இருந்து முடிவு வரைக்கும், திரும்பத் திரும்ப, விட்டு ஓட வழியில்லாமப் பார்த்தவன் நான் ஒருத்தன். கூடவே தரை கூட்டுற பங்களாதேஷ் தம்பி ஒருத்தன். உலகத்துல பரிசோதனைப் படத்தைப் பத்திப் பேசத் தகுதியுள்ள ஆளு காவக்காரந்தான் மாப்ளே. எங்களை யாரும் பேட்டி எடுக்குறதில்லை.

அப்படிப் பார்த்ததுல ஒன்னு புரிஞ்சுச்சு. சில படம் ரெண்டாம் நாளே தீர்ந்துடும். அட்டையில இருக்குறதைத் தவிர உள்ள ஒன்னும் இருக்காது. சில படம் முதல் வாரம் எரிச்சலா இருக்கும். அப்புறம் ஒருநாள் ஓரத்துல ஒரு கை அசையுறதைக் கவனிப்ப. இன்னொரு நாள் தூரத்துல நாய் குரைக்கிறது காதுல விழும். மாசம் முடிஞ்சு ஆளுங்க படத்தைக் கழட்டுறப்ப மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கும். உன் படத்தை இந்தத் தராசுல வச்சுப் பாரு. டிக்கெட் வாங்கினவன் ஒரு தரம் பார்க்குறான், அவனை ஏமாத்திடலாம். சம்பளத்துக்கு உக்காந்தவனை ஏமாத்த முடியாது.

சரி, தியேட்டர்ல ஓட வேண்டிய படம் ஏன் ஓவியம் மாட்டுற வீட்டுக்கு வந்துச்சு? உன் வாத்தியாரு பெரிய பெரிய காரணம் சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரிஞ்சது இதுதான்: பொறந்த வீட்டுல சோறு போடல, மாமியார் வீட்டுல பந்தி போட்டாங்க. பரிசோதனைப் படம் கலை உலகத்துக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தது. ஸ்டான் பிராக்கேஜ்னு ஒருத்தர் 1963ல கேமராவே இல்லாம, செத்த விட்டில் பூச்சியோட இறக்கையையும் இலை தழையையும் ஒட்டுப் பட்டையில ஒட்டி 'மாத்லைட்'னு ஒரு படம் பண்ணாரு. மைக்கேல் ஸ்னோ 1967ல ஒரே அறைக்குள்ள 45 நிமிஷம் கேமராவை நின்ன இடத்துல வச்சு, சுவரைப் பார்த்து மெதுவா ஜூம் பண்ணாரு. இதுக்கு எந்தத் தியேட்டர்காரன் பாப்கார்ன் விப்பான்? 1970ல ஜோனஸ் மேகாஸும் அவரு கூட்டாளிங்களும் நியூயார்க்ல 'ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ்'னு தனியா ஒரு இடமே திறந்தாங்க. அதுக்கப்புறம் வீடியோ வந்துச்சு, புரொஜெக்டர் சின்னதாச்சு, அருங்காட்சியகம் "வாங்க மாப்பிள்ளை"ன்னு ரூமை ஒழிச்சுக் கொடுத்துச்சு.

மாமியார் வீட்டுல மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஏசி ரூம் உண்டு, ஒயின் உண்டு, திறப்பு விழா அன்னைக்குத் தட்டுல சின்னச் சின்னதாத் திங்கிறதுக்கு ஏதோ வரும். (அதுல நாலு தின்னாலும் பசியாறாது, வீட்டுல சாப்ட்டுட்டுப் போ.) ஆனா கதவு எப்பத் திறக்கணும், எப்ப மூடணும், சுவருக்கு என்ன நிறம், மாப்பிள்ளை எத்தனை மாசம் தங்கலாம், எல்லாம் அவங்க முடிவு. வீட்டுச் சாவி உன் கையில இருக்காது.

காசு விவகாரத்தையும் சொல்லிடுறேன், அது உனக்குக் கூச்சம், எனக்கு இல்லை. உன் படத்தை உன் தங்கச்சி வாட்ஸ்அப்ல ஆயிரம் பேருக்கு அனுப்பலாம், ஒரு துளி குறையாது. குறையாத பொருளுக்குக் கலை உலகத்துல விலை கிடையாது. அதனால, "உலகத்துலயே அஞ்சு பிரதிதான்"னு சத்தியம் பண்ணி, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு, அழகான பெட்டியில வச்சு விக்கிறாங்க. வாங்குறவன் வாங்குறது அந்தக் கையெழுத்தை. கிறிஸ்டியன் மார்க்ளேன்னு ஒருத்தர் 2010ல 'தி கிளாக்'னு 24 மணி நேரப் படம் ஒன்னு பண்ணாரு. உலகத்துல மத்தவங்க எடுத்த ஆயிரக்கணக்கான படத்துல எங்கெல்லாம் கடிகாரம் வருதோ அதையெல்லாம் வெட்டி, நம்ம கைக்கடிகார நேரத்தோட ஒத்துப்போற மாதிரி கோத்தாரு. திரையில மணி மூனே காலுன்னா வெளியிலயும் மூனே காலு. 2011ல வெனிஸ் பியன்னாலேயில தங்கச் சிங்க விருது கொடுத்தாங்க. மொத்தமே ஆறு பிரதி, அது போக அவரு கைவசம் ரெண்டு. அந்த ஆறுல ஒன்னை லண்டன் டேட்டும், பாரிஸ் பொம்பிடூவும், ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகமும் கூட்டுச் சேர்ந்து வாங்குனாங்க. மூனு நாடு சேர்ந்து ஒரு படம். மத்தவன் படத்தைத் திருட்டு விசிடியில ஏத்துனவனை இங்க போலீஸ் பிடிச்ச காலத்துலதான் அது நடந்துச்சு. நான் ஒன்னும் சொல்லல, வேலை உண்மையிலேயே அபாரம். ஒழுங்கு செய்ற விதத்துலதான் எல்லாம் இருக்குன்னு சொல்றேன்.

மாமியார் வீட்டுல இருந்துட்டுத் தனிக்குடித்தனம் போனவங்களும் உண்டு. லண்டன் ஸ்டீவ் மெக்வீன் 1999ல டர்னர் பரிசு வாங்கின ஆளு, சுவர்ல ஓடுற படத்துக்காக. அப்புறம் கதைப் படத்துக்குப் போயி '12 இயர்ஸ் எ ஸ்லேவ்'க்கு 2014ல ஆஸ்கார் வாங்கிட்டாரு. நம்ம நாட்டு ஆளு சாய் மிங்-லியாங் எதிர்த் திசையில போனாரு. 1957ல கூச்சிங்ல பொறந்தவரு, தைவான்ல படம் எடுத்துப் பேர் வாங்குனவரு. 2009ல பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகமே காசு கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுச்சு. 2012ல இருந்து ஒரு புத்த பிக்கு நடக்குறதை மட்டும் வரிசையா எடுத்துக்கிட்டு வர்றாரு. ஒரு காலைத் தூக்கி வைக்கிறதுக்குள்ள நாம ஒரு கோப்பி ஓ குடிச்சிடலாம். 2014ல தைப்பேயில அவரு படத்தை அருங்காட்சியகத்துல போட்டப்ப, ஜனங்க ராத்திரி அங்கேயே படுத்துத் தூங்கிக்கிட்டே பார்க்க விட்டாங்க. பார்வையாளன் தூங்குறதைக் குத்தமா நினைக்காம ஏற்பாடாவே பண்ணிட்டாரு பாரு, அங்கதான் அவரு பெரிய ஆளு. நான் ஸ்டூல்ல தூங்குனதுக்கு எனக்கு மெமோ கொடுத்தாங்க.

அதே சாய் மிங்-லியாங் 2006ல கோலாலம்பூருக்கு வந்து ஒரு படம் எடுத்தாரு. வீதியில அடிபட்டுக் கிடக்குறவன், அவனைத் தூக்கிட்டுப் போயிப் பார்த்துக்குற வங்காளதேசத் தொழிலாளிங்க, ஒரு மெத்தை, நகரமெல்லாம் புகை. உள்ளூர்ல முதல்ல தடை, அப்புறம் வெட்டு. அந்த 2006லதான் அமிர் முகமதுவோட 'தி லாஸ்ட் கம்யூனிஸ்ட்' படமும். மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரா இருந்த சின் பெங் வாழ்ந்த ஊர் ஊராப் போயி, அங்க இருக்குற சாதாரண ஜனங்களைப் பேச வச்சு, நடுநடுவுல பாட்டுப் போட்டு ஒரு படம். அந்த ஆளு ஒரு தரம்கூடத் தலை காட்ட மாட்டாரு. தணிக்கை வாரியம் ஒரு வெட்டுகூட இல்லாம விட்டுடுச்சு. அப்புறம் பத்திரிகையில சத்தம் கிளம்ப, உள்துறை அமைச்சு தடை போட்டுடுச்சு. காட்டாத ஆளுக்குத் தடை வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்லை. உன் மரத்துக்கு அந்த யோகம் வராது, பயப்படாதே. ஆனா ஒன்னு, 1981 சட்டப்படி படத் தயாரிப்புக்கு ஃபினாஸ்ங்கிற தேசியத் திரைப்படக் கழகத்தோட உரிமம் வேணும். மீறினா 50,000 வெள்ளி வரை அபராதம், 2 வருஷம் வரை உள்ள. 'கலைக்கு எதுக்கு உரிமம்'னு உன் வயசுல பேசத் தோணும். ஜாமீன் எடுக்க வர்றது நாந்தான்.

இப்ப நம்ம ஜோகூருக்கு வருவோம். இஸ்கந்தர் புத்திரியில பெரிய ஸ்டூடியோ இருக்குல்ல, முன்னால பைன்வுட் பேர்ல இருந்துச்சு, 2019ல பேரை மாத்துனாங்க. அங்க நெட்ஃப்ளிக்ஸ்காரன் வந்து 'மார்க்கோ போலோ' எடுத்தான். குப்ளாய் கானோட அரண்மனையை நம்ம செம்மண்ணு மேல கட்டுனாங்க. ரெண்டு சீசன் ஓடுச்சு, 2016ல நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல எடுத்த தொடர்ல நம்ம ஊரே இல்லை. ஜோகூர் வேற எங்க தெரியுதுன்னு கேட்டா, பாலத்துக்கு அந்தப் பக்கம் கலைக்கூடத்துச் சுவர்ல தெரியுது.

சார்ல்ஸ் லிம்னு சிங்கப்பூர்க்காரரு. பாய்மரப் படகு ஓட்டி 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கே போனவரு. அப்புறம் கேமராவைப் பிடிச்சாரு. கடலையும் கரையையும் வச்சு 'ஸீ ஸ்டேட்'னு பல வருஷமாப் பண்ண வேலையை 2015ல வெனிஸ் பியன்னாலேயில சிங்கப்பூர் சார்பா வச்சாங்க. கடலைத் தூர்த்து நிலமாக்குறது, காணாமப் போற குட்டித் தீவு, எல்லை எங்க முடியுதுன்னு தெரியாத தண்ணி. தூர்க்குறதுக்கு மண்ணு எங்கெங்க இருந்தெல்லாம் வந்துச்சுன்னு உனக்குச் சொல்லணுமா? நம்ம அரசாங்கம் 1997ல கடல் மண் ஏத்துமதிக்குத் தடை போட்டுச்சு, 2018ல மறுபடி போட்டுச்சு. இந்தப் பக்கம் அது மண்ணு, அந்தப் பக்கம் போனா நிலம், வெனிஸ் போனா கலை. மூனு இடத்துலயும் விலை வேற வேற.

இன்னொருத்தர் ஹோ சூ நியென். அவரு புலியைப் பிடிச்சாரு. 1835ல சிங்கப்பூர்ல கோல்மன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை காட்டுக்குள்ள சாலைக்கு அளவெடுக்குறப்ப ஒரு புலி பாய்ஞ்சு அளவைக் கருவி மேல விழுந்துச்சாம். அதை லூட்டமான்னு ஒரு ஜெர்மன்காரரு பின்னால ஓவியமா வரைஞ்சாரு. துரை மிரண்டு சாயுறாரு, கருவி கவுறுது, கூட இருக்குற கூலிக்காரங்க சிதறுறாங்க. அந்தக் கூலிக்காரங்க யாரு தெரியுமா? இந்தியாவுல இருந்து கைதியா நாடு கடத்திக் கொண்டு வந்த ஆளுங்க. 1825ல இருந்து கிட்டத்தட்ட 50 வருஷம் சிங்கப்பூர்ல ரோடு போட்டதும் கட்டடம் கட்டுனதும் அவங்கதான். ஹோ சூ நியென் அந்த ஒத்த ஓவியத்தை வச்சுக்கிட்டு 2017ல 'ஒன் ஆர் செவரல் டைகர்ஸ்' பண்ணாரு. ரெண்டு திரை, தோல்பாவை, புகை, துரையும் புலியும் பாடுறாங்க. பாட்டு எனக்குப் புரியல, ஆனா புலி நம்மளை ஒரு பார்வை பார்க்கும் பாரு, சம்பளம் வேண்டாம்னு எந்திரிச்சு ஓடணும் போல இருக்கும். அந்தக் காலத்துல ஜோகூர்க் கரையில இருந்து நீச்சலடிச்சுத்தான் புலி அங்க போகும்னு சொல்வாங்க. அந்தக் கணக்குல அது நம்ம ஊர்ப் புலி. பாஸ்போர்ட்ல சாப்பு இல்லாமப் போன முதல் ஜோகூர்க்காரன்.

இதுல உனக்கு ஒரு வேலை இருக்கு, கவனி. துரை பேர்ல சிங்கப்பூர்ல தெருவே இருக்கு. புலிக்குக் கலைக்கூடத்துல இடம் கிடைச்சுடுச்சு. அந்த ஓவியத்துல நிக்கிற கைதிங்க பேரு ஓவியத்துல எங்கேயும் இல்லை. நீ ரப்பர் மரத்தையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க. மரத்தை வெட்டுனவன் எங்கடா? உன் முக்கால் மணி நேரத்துல ஒரு கை வரலை, ஒரு நெத்தி விளக்கு வரலை, விடியக்காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போற செருப்புச் சத்தம்கூட வரலை. ஆளில்லாத தோட்டத்தைத் துரைமார்தான் போட்டோ பிடிச்சு லண்டனுக்கு அனுப்புவாங்க.

ஆளைக் காட்டாமலே ஆளைக் காட்டலாம், அதுக்கும் வித்தை இருக்கு. கிறிஸ் சோங் சான் ஃபூய்னு சபாவுல பொறந்தவரு 2008ல 'பிளாக் பி'ன்னு ஒரு படம் எடுத்தாரு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு அடுக்குமாடிக் கட்டடம். குடியிருக்குறவங்க இந்தியாவுல இருந்து வேலைக்கு வந்த குடும்பங்க. கேமரா எதிர்ல நின்ன இடத்துல நிக்கும், 20 நிமிஷம். ஒரு மாடியில துணி காயும், இன்னொரு மாடியில ரெண்டு பேரு பேசுவாங்க, எங்கேயோ விளக்கு எரியும், பகல் ராத்திரி ஆகும். கதவுக்கு உள்ள நாம போகவே மாட்டோம், ஆனா அந்தக் கட்டடத்துல எத்தனை சண்டை, எத்தனை ரகசியம்னு காது கண்டுபிடிச்சிடும். டொரண்டோ விழாவுல சிறந்த கனடியக் குறும்படம்னு பரிசு கொடுத்தாங்க. அவரு கனடாவுலயும் இருந்தவரு, அதனால நம்ம பிரிக்ஃபீல்ட்ஸ் ஒரு ராத்திரிக்குக் கனடா ஆயிடுச்சு. நம்ம தீபக் குமாரன் மேனன் 2005ல 'செம்மண் சாலை' எடுத்தாரு, அது கதைப் படந்தான், ஆனா தோட்டத்து நேரம் அதுக்குள்ள ஓடுது. உன் மரம் அந்த ரெண்டுக்கும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நீயே அளந்து பாரு.

தோட்டத்து ஜனத்துக்கு இதெல்லாம் புரியாதுன்னு சொன்னியாம், உங்கம்மா சொன்னா. அங்கதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. 1946ல மலாயன் ஃபிலிம் யூனிட் ஆரம்பிச்சாங்க. அவசரகாலத்துல தகவல் இலாகா வண்டி தோட்டம் தோட்டமாப் போயி, புதுக் கிராமம் புதுக் கிராமமாப் போயி படம் காட்டுச்சு, தமிழ்லயும் பேசுச்சு. அப்புறம் தோட்டத்துலயே மாசம் ஒரு படம். திடல்ல வெள்ளைத் துணி கட்டுவாங்க. முன்பக்கம் இடம் பிடிச்சவன் முன்னால இருந்து பார்ப்பான், பிந்தி வந்தவன் பின்பக்கம் உக்காந்து பார்ப்பான். பின்பக்கத்துல எம்ஜிஆர் இடது கையால கத்தி சுத்துவாரு, எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியுற மாதிரி இடவலம் மாறிப் போகும். ரீல் மாறிப் போச்சுன்னா செத்தவன் எந்திரிச்சு வந்து டூயட் பாடுவான். காத்து அடிச்சா வில்லன் வயிறு உப்பும். மழை வந்தா துணி மேல ஈரம் பரவிக் கதாநாயகி கரைஞ்சு போவா. ஒருத்தனும் எந்திரிச்சுப் போகல மாப்ளே. இதையெல்லாம் தெரிஞ்சு செஞ்சா நியூயார்க்ல மானியம் கொடுக்குறாங்க, நாங்க தரையில சாக்கு விரிச்சுப் பார்த்தோம்.

ஜான் ஆபிரகாம் 1977ல தமிழ்ல 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தாரு. தேசிய விருதும் கொடுத்தாங்க, அப்புறம் தூர்தர்ஷன்ல போடுறதாச் சொல்லிக் கடைசியில போடாமலும் விட்டாங்க. கழுதைக்கு அவ்வளவு மவுசு. அதுக்கப்புறம் அவரு பண்ணதுதான் முக்கியம். கேரளாவுல ஒடேசான்னு ஒரு குழுவைக் கூட்டி, ஊர் ஊராப் போயி ஜனங்ககிட்டயே காசு பிரிச்சு, 1986ல 'அம்ம அறியான்' எடுத்து, அந்த ஜனங்களுக்கே போட்டுக் காட்டுனாரு. கதை நேராப் போகாத படம் அது, கறுப்பு வெள்ளை. தியேட்டர்காரனும் இல்லை, கலைக்கூடமும் இல்லை. அடுத்த வருஷமே ஆளு போயிட்டாரு, 50 வயசுகூட ஆகல. அவரு வழி சுலபம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீட்டுச் சாவி அவரு கையில இருந்துச்சு.

சோத்துக்கு என்ன பண்றதுன்னு கேப்ப. நம்ம மூவார்ல பொறந்த யஸ்மின் அகமது பகல்ல விளம்பரக் கம்பெனியில உக்காந்து பெட்ரோனாஸுக்குப் பெருநாள் விளம்பரம் எடுத்தாங்க, மிச்ச நேரத்துல 'செப்பேட்', 'டேலன்டைம்'னு படம் எடுத்தாங்க. விளம்பரத்துலயே பாதி நாட்டை அழ வச்சுட்டாங்க. நீயும் கல்யாண வீடியோ எடு, காது குத்து எடு, வெக்கப்படாதே. ஒரு கல்யாண மண்டபத்துல நாள் முழுக்க நின்னு பார்த்தவனுக்கு ஆண்டி வார்ஹால் ஒன்னும் புதுசாச் சொல்லித் தர முடியாது. படத்தை மட்டும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வை, வேற வேற வீட்டுல வை. ஜோகூர் வெள்ளத்துக்குக் கலைன்னும் கல்யாணம்னும் பேதம் தெரியாது.

படத்தை மறுபடி எடு. மூனு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், வெட்டுனவன் வரட்டும், பால் எடுக்குறவ வரட்டும். முதல்ல நம்ம கோயில் திடல்ல துணி கட்டி ரெண்டு பக்கமும் ஜனத்தை உக்கார வச்சுப் போடு. திட்டுனா எழுதி வச்சுக்கோ. அதுக்கப்புறம் சிங்கப்பூர்க்காரன் கேட்டா கொடு, வெனிஸ்காரன் கேட்டா கூடக் கேட்டு வாங்கு. சுவர்ல ஒட்டுற அட்டையில பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம்; இன்ன தோட்டம், இன்ன வருஷம், மரம் வெட்டுனவங்க பேரு, போதும். அதைத் தமிழ்லயும் போடச் சொல்லு. வாசல்ல ஸ்டூல்ல உக்காந்திருக்குறவனுக்கும் படிக்கக் கண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல ஆட்சிமொழி நாலு, அதுல தமிழ் ஒன்னு. தயங்காமக் கேளு, சலுகை இல்லை அது.